ஒரு நிமிடம் பத்து நொடி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் உன் மனைவியும் அவள் வயிற்றில் உருண்டுகொண்டிருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கவரைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் எனக்குப் போன் செய்யாதே, கடிதம் போடு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். காலையில் எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மாலையில்தான் கழற்றுகிறேன். அதற்குப் பிறகு யார் குரலைக் கேட்டாலும் எரிச்சலாக வருகிறது, நீயே ஆனாலும் சரி. மெசேஜ் அனுப்புகிறேன் என்பாய். உன் மெசேஜ் எனக்குத் தெரியாதா? நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புவாய். காகிதத்தில் அந்த வேலையெல்லாம் நடக்காது. நாலு வரியாவது எழுதித்தான் ஆகவேண்டும்.

போன வாரம் மாநாட்டு மண்டபத்துக்குப் போயிருந்தேன். என் சால்வையைக் கூண்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். உன் மனைவிக்கு இந்தக் கூண்டு பற்றித் தெரியாது, இதைப் படித்துக் காட்டு. மண்டபத்தின் பின்பக்கம் கண்ணாடி போட்ட சின்ன அறை அது. மேடையில் ஒருவர் அவருடைய மொழியில் பேசப் பேச, நான் அதற்குள் உட்கார்ந்துகொண்டு, அவர் நிறுத்துவதற்குக் காத்திருக்காமல், கூடவே நம் மொழியில் சொல்லிக்கொண்டு போவேன். சபையில் இருப்பவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். பத்தொன்பது வருடம் அதற்குள் இருந்திருக்கிறேன். இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

காவலாளி என்னைப் பார்த்ததும், "இனிமே எல்லாக் கம்பெனியும் கம்ப்யூட்டர்லயே கூடிக்கிறாங்களாமேம்மா, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். சால்வையை எடுக்க வந்தேன் என்றேன். அது கிடைக்கவில்லை.

சரி, மண்டபம் போனால் போகட்டும். நீ பிடித்துக் கொடுக்கும் ஆன்லைன் வேலைகளால்தான் என் வண்டி ஓடுகிறது. படுக்கையறை ஜன்னலை மூடி, கம்ப்யூட்டரைச் சுற்றிப் போர்வை தொங்கவிட்டு, அதையே கூண்டாக்கி வைத்திருக்கிறேன். இடது காதில் மட்டும் ஒரு மெல்லிய விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் என்று நினைத்து இரண்டு நாள் அவர்களைத் திட்டினேன். தானாகப் போய்விடும்.

அவளை நன்றாகச் சாப்பிடச் சொல்.

பாசத்துடன்,
அக்கா

ஜனவரி 28

என் அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் கையெழுத்தே சொல்கிறது. இன்னும் அதே அதட்டல்.

தபால்தலை எங்கே கிடைக்கும் என்று ஆபீசில் கேட்டேன். ஒருவன் அதற்கு ஏதாவது ஆப் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டான். உனக்காக வரிசையில் நின்று வாங்கி, நாக்கால் தடவி ஒட்டியிருக்கிறேன். இதற்குமேல் ஒரு தம்பி என்ன செய்யமுடியும்?

எனக்குத் தலைக்கு மேல் வேலை. போன மாதம் மட்டும் ஏழு கம்பெனிகளை மண்டபத்திலிருந்து எங்கள் ஆன்லைன் மேடைக்கு இழுத்து வந்துவிட்டேன். எங்கள் மேனேஜர் எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறார்: "எதுக்கு சார் எண்ணூறு பேரை விமானத்துல ஏத்தி, கொண்டுவந்து கைகுலுக்க வைக்கணும்? வீட்லயே உக்காந்து பாக்கட்டும்." அவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் பின்னால் நின்றுகொண்டு படம் காட்டுகிறேன். இன்னும் ஆறு மாதத்தில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் இவர்கள் நில் என்றால் நிற்கவேண்டும், உட்கார் என்றால் உட்காரவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் உன் பேரைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். அக்கா என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையின் மதிப்பு குறைந்துவிடும்.

விசில் உன் ஹெட்போனின் கோளாறாக இருக்கும். வயர் நைந்திருக்கும். புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறேன், அதை மாட்டிக்கொள்.

உன்,
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருங்கள். உன் மனைவிக்கு கால் வீக்கம் குறைந்ததா? நீ அதைப்பற்றி எழுதவே இல்லை.

ஹெட்போன் வந்தது. ரொம்ப அழகாக இருக்கிறது. விசில் அதிலும் கேட்கிறது.

கோபித்துக்கொள்ளாமல் படி. கூண்டில் நான் தனியாக இருந்ததே இல்லை. என்னுடன் பென்சில் இருப்பார், உனக்குத் தெரியும். உலகமே பேனாவில் எழுதினாலும் அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார், அதனால் அந்தப் பேர். அரை மணி நான் பேசினால் அடுத்த அரை மணி அவர் பேசுவார். நான் பேசும்போது அவர் சும்மா இருக்கமாட்டார். மேடையில் எண்ணோ பேரோ வந்தால் உடனே எழுதி என் கண்ணுக்கு நேரே தள்ளுவார். நான் திணறினால் என் முழங்கையைத் தொடுவார். அப்படியென்றால், நீ நிறுத்து, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். பத்தொன்பது வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட கீழே விட்டதில்லை.

இப்போது என் ஜோடி யாரோ, எந்த ஊரிலோ. திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் மாறிக்கொள்ளலாமாம். அந்தப் பொத்தானுக்கு நான் திணறுவது எங்கே தெரியப்போகிறது?

பேச்சு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. ஒன்றும் பிடிபடாமல் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன். அந்த நேரம் பார்த்து யாராவது மைக்கைத் தட்டி, "கேக்குதா? கேக்குதா?" என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அப்படித் தட்டியதில் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. மண்டபத்தில் இதற்கென்றே ஒருவர் சத்தத்தைக் குறைக்கும் குமிழில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் மேடையில் அந்த ஆள் எங்கே?

பென்சில் வேலையை விட்டுவிட்டார். அவருக்கு இடது காது போய்விட்டதாம். உங்கள் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். என்னுடையது அந்த அளவுக்கு இல்லை. இருந்தாலும் உங்கள் இன்ஜினியர்களிடம் ஒரு வார்த்தை கேள்.

உன் அக்கா

மார்ச் 14

என் அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கால் வீக்கம் வற்றிவிட்டது.

கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம்.

பென்சிலுக்கு வயதாகிவிட்டது அக்கா. இந்த வயதில் காது போவது பெரிய விஷயமா? எல்லாவற்றுக்கும் கம்பெனியைக் குறை சொன்னால் எப்படி? நீயும் அவரோடு சேர்ந்துகொண்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

இப்போது நல்ல சேதி. லிஃப்ட் தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்று, பதினாலு நாடுகளில் ஆட்களை வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு வருடமும் ஒரே மண்டபத்தில் கூடுவார்கள். அவர்களை மடக்கிவிட்டேன்! ஜூலை பதினெட்டு, மூன்று மணி நேரம், முழுக்க எங்கள் மேடையில். அவர்களுடைய தலைவர் மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசுவார், மழை மாதிரி கொட்டுவாராம். "நம்ம மொழிக்கு யாரு?" என்று மேனேஜர் கேட்டார். உன்னைச் சொன்னேன். "அவங்க சொதப்பினா நீ உன் மேஜையைக் காலி பண்ணிக்கோ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் நிஜமாகவே சொல்கிறார் என்று அர்த்தம்.

அக்கா, நீ இல்லாமல் இது நடக்காது. குழந்தை வரும் நேரத்தில் எனக்கு வேலை இல்லை என்று ஆகிவிடக்கூடாது.

இன்னொன்று. மேடையில் புது வசதி வந்திருக்கிறது. ஒருவர் பேசப் பேச, திரையின் அடியில் அது எழுத்தாக ஓடும். உனக்கு உதவும்.

உன்,
தம்பி

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அங்கேயும் அப்படித்தானே?

லிஃப்ட் கம்பெனி சேதி கேட்டு சந்தோஷப்பட்டேன். செய்துவிடலாம். நீ மேஜையைக் காலி செய்யவேண்டாம், நன்றாகத் துடைத்து வை.

அந்த எழுத்து ஓடுகிற வசதி அருமை. முதலில், இது எதற்கு என்று அலட்சியமாக இருந்தேன். இப்போது அது இல்லாமல் ஆவதில்லை. அங்கங்கே உளறுகிறது, ஆனால் உளறலுக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஜூலையிலும் அது இருக்கும்தானே? கண்டிப்பாக இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

விசில் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்வந்தேன். சளி என்றார்கள்.

கடிதம் கொண்டுவருபவர் பதினோரு மணிக்கு வருகிறார். மணியடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார் என்று எதிர்வீட்டுக்காரி எழுதிக் காட்டினாள். அதனால், கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போங்கள் என்று வெளியே ஒரு அட்டை எழுதி மாட்டிவிட்டேன். நேற்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய்ப் பாத்திரம் கருகிவிட்டது. வேலை நினைப்பில் இப்படியெல்லாம் ஆகிறது.

வீடியோவில் வா, வயிற்றைக் காட்டுகிறேன் என்று உன் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்கு முகம் காட்டிக் களைத்துப்போகிறேன் என்று அவளிடம் சொல். என்மேல் வருத்தப்படவேண்டாம் என்றும் சொல்.

உன் அக்கா

மே 11

அத்தையாகிவிட்ட அக்காவுக்கு,

பெண் குழந்தை! நேற்றுக் காலை பத்தேகாலுக்குப் பிறந்தாள். தாயும் மகளும் சுகம். தகப்பன்தான் சுமார்.

அந்த நேரத்திலும் எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. ஆபீஸ் ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். நர்ஸ் வந்து, "உள்ள வாங்க சார், பொண்ணு பொறந்திருக்கு" என்றார். ஓடினேன். அப்பப்பா, என்ன தொண்டை! ஆஸ்பத்திரியையே எழுப்பிவிட்டாள். "உங்க அக்காவை உரிச்சு வச்சிருக்கா, இப்பவே அதட்டறா பாருங்க" என்றாள் இவள்.

நீதான் போனில் பேசமாட்டாய், வீடியோவிலும் வரமாட்டாய். அதனால் அந்த அழுகையை அப்படியே பதிவு செய்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு நிமிடம் பத்து நொடி. இந்த ஒரு தடவை மட்டும் பிகு செய்யாமல் கேள். கேட்டுவிட்டு எப்படியிருக்கிறது என்று விவரமாக எழுது. இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பெருமையுடன்,
தம்பி

மே 22

என் தம்பிக்கும், தாயான என் கண்ணுக்கும், வந்து சேர்ந்த குட்டி ராணிக்கும்,

மூன்று பேரும் நூறு வருடம் நலமாக இருக்கவேண்டும்.

கேட்டேன். ஒன்பது தடவை கேட்டேன். உட்கார்ந்து கேட்டேன், படுத்துக் கேட்டேன், போனைக் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டும் கேட்டேன். என்ன குரலடா அது! முதலில் சின்னதாக ஆரம்பித்து, நடுவில் ஒரு மூச்சு வாங்கி, அப்புறம் ஓங்கி எடுக்கிறாள் பார், அது நம் அம்மா. அம்மா நம்மைத் தெருவிலிருந்து கூப்பிடும்போது அப்படித்தான் ஏறும். கடைசியில் ஒரு விக்கல், அது நீ. நீ பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்னால் நர்ஸ் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

இதற்குமேல் எழுதினால் அழுதுவிடுவேன். குழந்தையின் தலையைக் கவனமாகப் பிடியுங்கள்.

அத்தை

ஜூலை 3

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே.

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் போடமுடியவில்லை. வேலை.

பதினெட்டாம் தேதி எழுத்து ஓடும் வசதி இருக்கும். கண்டிப்பாக இருக்கும். அதைப்பற்றி நீ கவலைப்படவேண்டாம்.

தம்பி

ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் வேலை நிலைத்திருக்கும். பதினெட்டாம் தேதி நல்லபடியாக முடிந்தது. குரல் தெளிவாக இருந்தது என்று லிஃப்ட் கம்பெனியிலிருந்து பாராட்டி ஒரு கடிதம்கூட வந்துவிட்டது. அந்தப் பாராட்டைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் காது கேட்காது.

சளி என்று எழுதியது பொய். ஏப்ரலிலேயே டாக்டர் எழுதிக் காட்டினார்: இடது போய்விட்டது, வலது போய்க்கொண்டிருக்கிறது, ஹெட்போனைத் தொடவே தொடாதீர்கள். தொட்டேன். வேறு என்ன செய்வேன்? எல்லோரும் நான் பேசிப் பிழைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான் கேட்டுப் பிழைக்கிறவள். அது போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் என்னை யார் கூப்பிடுவார்கள்? அதோடு நீ வேறு ஜூலை ஜூலை என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய். மே மாத ஆரம்பத்தில் ஒரு காலை எழுந்தபோது வலதும் இல்லை. விசில் மட்டும்தான் மிச்சம். அதன் பிறகு நான் பேசியதெல்லாம் அடியில் ஓடிய எழுத்தைப் படித்துத்தான். உங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

உன் மகள் குரலையும் நான் கேட்கவில்லை. எழுதியது எல்லாம் என் கற்பனை. இவ்வளவு பொய் சொன்னதில் அது ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. என்னை மன்னித்துவிடு.

பதினெட்டாம் தேதிக்கு எனக்கு ஜோடியும் போடவில்லை, பயமாக இருந்தது. பென்சிலுக்குச் சொல்லி அனுப்பினேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் நாலு பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு வலது காது மட்டும்தான் மிச்சம், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா பக்கத்தில் இருங்கள் போதும் என்றேன்.

நாற்பதாவது நிமிடத்தில் எழுத்து நின்றுபோயிற்று. அந்த மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், அடியில் ஒன்றுமே இல்லை. பதினாலு நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பென்சில் என் முகத்தைப் பார்த்தார். என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார். பிறகு எழுத ஆரம்பித்தார். எங்கள் தொழிலில் குறிப்பெடுக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கல் உண்டு. அவர் அம்பு மேலே போனால் விற்பனை கூடியது, வட்டத்துக்குள் கோடு போட்டால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் கிறுக்கலை உலகத்தில் என்னைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. அவர் எழுத எழுத நான் பேசினேன். தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி இருபது நிமிடம், தம்பி. நடுவே இரண்டு தடவை அவர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்ததைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லியிருக்கவேண்டும்.

முடிந்ததும் நன்றி சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு கடைசித் தாளின் ஓரத்தில் எழுதினார்: "இப்ப ரெண்டு பக்கமும் விசில்."

அவருக்குப் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வேன்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் கம்பெனிக்கு இரண்டு தடவை எழுதியதாக அவர் சொல்கிறார். ஹெட்போனைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்ததாம். அவர் எழுதியது உங்கள் ஆட்கள் யாருக்காவது தெரியுமா? விசாரித்து எழுது.

அக்கா

ஆகஸ்ட் 29

அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

முதலில் குழந்தையின் பதிவு. அதில் சத்தமே இல்லை. போனோடு இணைத்துக் கழுத்தில் போட்டிருந்த ஆபீஸ் ஹெட்செட்டில் மைக்கை ம்யூட்டில் போட்டு வைத்திருந்தேன். கூட்டத்தில் நான் எப்போதும் அப்படித்தான், விரல் தானாகப் போகும். போன் அந்த மைக்கிலிருந்துதான் பதிவு செய்திருக்கிறது. மே மாதம் உன் கடிதத்தைப் படித்ததும் இவள் ஆசையாக, "நாமும் மறுபடி கேப்போம்" என்று போட்டாள். "என்னங்க, இதுல ஒண்ணுமே இல்லையே" என்றாள். ஒரு நிமிடம் பத்து நொடியும் வெறும் மௌனம். நீ எழுதியதோ மூச்சு, விக்கல், நர்ஸ் சிரிப்பு. இரண்டு பேரும் உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "நாளைக்கே கிளம்பிப் போங்க. அவங்களுக்குக் காது கேக்கல" என்று இவள் அழுதாள்.

நான் ஜூலை முடியட்டும் என்றேன்.

ஆமாம் அக்கா, மே மாதமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னை உட்கார வைத்தேன். எழுத்து ஓடும், எப்படியாவது சமாளித்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த எழுத்து தானாக நிற்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒருவர், "கீழே எழுத்து ஓடறது படத்தை மறைக்குது, எடுத்துடுங்க" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். பொத்தான் என் முன்னால்தான் இருந்தது. முடியாது என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. நான்தான் அமுக்கினேன். உன் குரல் அரை நிமிடம் நின்றது. என் உயிரே போய்விட்டது. பிறகு நீ பேச ஆரம்பித்தாய், நிறுத்தாமல் பேசினாய். அக்காவுக்குக் காது கேட்கிறது, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். எனக்கு அப்படி நம்பவேண்டியிருந்தது, நம்பினேன்.

பென்சிலின் கடிதம் யாருக்காவது தெரியுமா என்று கேட்டாய். பதில் எழுதியதே நான்தான். அவருடையதையும் சேர்த்து, காது போகிறது என்று இருபத்தாறு கடிதங்கள் வந்திருந்தன. எல்லோருக்கும் ஹெட்போனைச் சரிபார்க்கவும் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நீ பிப்ரவரியில் கேட்டபோது அந்தக் கட்டு என் இழுப்பறையில்தான் இருந்தது. இன்ஜினியர்களிடம் நான் கேட்கவே இல்லை.

இருபத்தாறையும் நேற்றுப் பென்சிலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், நான் வந்து சாட்சி சொல்கிறேன். நிரந்தர ஆணை வந்தது, நான் கையெழுத்துப் போடவில்லை. மேஜையைக் காலி செய்துவிட்டேன்.

இதில் எதுவும் உன் காதைத் திருப்பித் தராது என்று தெரியும். என்ன செய்யட்டும் அக்கா? சொல். நான் என்ன செய்யட்டும்?

தம்பி

செப்டம்பர் 5

தம்பிக்கு,

நான் நலமில்லை. இதை ஜனவரியிலேயே எழுதியிருக்கவேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் சுக்குநூறாகக் கிழித்தேன். பிறகு உட்கார்ந்து ஒட்டினேன். பதிவில் சத்தம் இல்லை என்று நீ எழுதிய இடத்தைத்தான் முதலில் தேடினேன். அன்றைக்குப் போனைக் கன்னத்தில் அழுத்திவைத்தேன் என்றேனே, அது மட்டும் பொய் இல்லை. காது போனாலும் எலும்பில் அதிர்வு தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்பது தடவை வைத்தும் ஒரு அதிர்வும் இல்லை. சரி, கன்னமும் செத்துவிட்டது, இனி அந்தக் குழந்தை எந்த வழியாகவும் எனக்குள் வராது என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் மூச்சு என்றும் விக்கல் என்றும் எழுதினேன். கோளாறு என் கன்னத்தில் இல்லையாம், உன் கழுத்தில் கிடந்த மைக்கிலாம். நாலு மாதமாகச் செத்த கன்னத்தோடு திரிந்தேனேடா.

பென்சில் நேற்று வந்தார். இருபத்தாறு கடிதங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். இரண்டு பேரும் படித்தோம். அவருக்கு வந்த உன் பதில் ஒன்றை என்னிடம் தள்ளி, "நல்லா எழுதறான்" என்று ஓரத்தில் எழுதினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உன்னைச் சாட்சிக்கு வரச் சொல்கிறார். கட்டாயம் வா.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். மன்னித்தேன் என்று எழுத என்னால் முடியவில்லை, மன்னிக்கமாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. உன்னைத் திட்டவேண்டும். வாய் வலிக்கத் திட்டவேண்டும். அதை நேரில்தான் செய்யமுடியும். நீ தலை குனிந்து நிற்பதை நான் கண்ணால் பார்க்கவேண்டும்.

நேரில் வா. அவளையும் அழைத்து வா. குழந்தையைத் தூங்கவைத்துக் கொண்டுவராதே, பசியோடு கொண்டு வா. அவள் அழும்போது அவள் நெஞ்சில் என் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். அப்புறம் கன்னத்தையும் வைத்துப் பார்க்கிறேன்.

மணியடிக்காதே, எனக்குக் கேட்காது. தட்டாதே. பதினோரு மணிக்கு வா. அந்த நேரத்தில் நான் கதவின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தாளை உள்ளே தள்ளு. அதில் ஒன்றும் எழுதவேண்டாம்.

அக்கா